மூன்றாவது வளையம்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் ‘தூசி’ என்று பெயர். வைத்தவன் நான்தான். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். அவரும் ஏன் என்று திரும்பிப் பார்ப்பார். வீட்டில் எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்பிள்ளை. வேலையிடத்தில் அவர் கண்ணாடி, நான் பித்தளை. முப்பத்தொரு வருஷம் ஒரே கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது. ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே எழுதுகிறேன்.

பட்டறை என்றதும் பெரிதாக ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய விஞ்ஞானக் கருவிகளைச் சேர்த்துவைத்த ஒரு காட்சிசாலை. மேலே வெளிச்சம், கண்ணாடிப் பெட்டிகள், வரிசையில் வரும் பள்ளிப் பிள்ளைகள். கீழே, தண்ணீர்க் குழாய்கள் ஓடும் தளத்தில், எங்களுக்கு இரண்டு அறைகள். முதல் அறை என்னுடையது: லேத்து, அரங்கள், எண்ணெய் நாற்றம். உள்ளறை அவருடையது. நடுவில் இருந்த கதவின் அடியில் எப்போதும் ஓர் ஈரத்துணி கிடக்கும். என் பித்தளைத் தூள் அவருடைய கண்ணாடியைத் தேடித் தேடிப் போகிறது என்பது அவர் கட்சி. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையில் துணித்தொப்பி மாட்ட வேண்டும், தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். கம்பளி உடுத்தியவர்களுக்கு அனுமதியே இல்லை. எங்கள் பொறுப்பாளரம்மா ஒருமுறை கம்பளிச் சால்வையோடு வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடியே உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டிலும் அதே கூத்துதான். கல்யாணமான முதல் வாரத்திலேயே அக்காவின் முகப்பவுடர் டப்பா பரணுக்குப் போய்விட்டது. அவருக்கு என் மூஞ்சியைவிட அந்தக் கண்ணாடித் துண்டுதான் பெரிது என்று அக்கா குறை சொல்லாத நாள் கிடையாது. சொல்லிவிட்டு, அவருடைய வேலைச் சட்டையைத் தனியாக அலசித் தனிக் கயிற்றில் காயப்போடுவாள். மற்றத் துணிகளின் பஞ்சு அதில் ஒட்டிவிடக் கூடாதாம். அவர்களுக்குள் இருந்த பிரியம் அப்படிப்பட்டது. வாயால் திட்டிக்கொண்டு கையால் செய்வது.

பதினேழு வயதில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனவர் அவர். அங்கே ஒரு டாக்டர் தன்னுடைய பழைய நுண்ணோக்கியைக் கொண்டுவந்து, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். இவர் சாப்பாட்டு நேரத்தில் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான், சாப்பிடவில்லை, கடைக்குள் திரும்பவும் போகவில்லை, மறுநாள் வேலை போய்விட்டது. பிறகு எங்கெங்கோ அலைந்து காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தார். நான் அவருக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தேன். என் அக்காவை அவருக்குக் கட்டிவைத்ததும் நான்தான். அவருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பழைய காலத்து லென்ஸ்காரர்களைப் பற்றி அவர் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரை, “இந்த ஆளுக்குப் பொறுமை பத்தாது, ஓரத்தைச் சரியாவே தேய்க்கல” என்று குறை சொல்வார். இன்னொருவரை, “பாவம், வலது கையில ஏதோ வலி இருந்திருக்கு” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், கண்ணாடியில் கீறல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டுவார். அந்தக் காலத்தில் விளக்குச் சுடரில் கண்ணாடியை நூலாக இழுத்து, அதன் நுனியை உருக்கி, கடுகைவிடச் சின்ன மணியாக்கி, அதையே லென்ஸாக வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அப்படி ஒரு மணியை ஒருநாள் எனக்குக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் தும்மினேன். மணி போயிற்று. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தும்மியதை நானே ஒத்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். சின்ன விஷயங்களில் நான் யோக்கியன்.

இனி வருவது கொஞ்சம் தொழில் சமாசாரம். பொறுத்துக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியின் கீழ்முனையில் பொருளை மோந்து பார்ப்பதுபோல் இறங்கி நிற்கும் சிறு பித்தளைக் குப்பியை நாங்கள் ‘மூக்கு’ என்போம். அதற்குள் இரண்டு மூன்று வளையங்கள் திருகியிருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு கண்ணாடிகள், மரப்பிசினால் ஒன்றாக ஒட்டியவை. ஒன்று சாதாரணக் கண்ணாடி, மற்றது ஈயம் கலந்த கண்ணாடி. ஒன்று பண்ணும் தப்பை மற்றது திருத்தும். இவற்றைப் புருஷன் பெண்டாட்டி என்று நாங்கள் சொல்வோம். எது புருஷன் என்பதில் எனக்கும் மச்சானுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பழைய ஆட்களிடம் இதற்கெல்லாம் சரியான கணக்கு இல்லை. இதில் ஒரு டஜன், அதில் ஒரு டஜன் தேய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பொருந்தும் ஜோடி கிடைத்ததும் ஒன்றின்மேல் ஒன்றை மெதுவாகச் சுற்றுவார்கள். கையால் தேய்த்த கண்ணாடி எதுவும் ஒழுங்கான வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் மயிரிழை கூடும், ஒரு பக்கம் குறையும். இதன் கூடுதல் அதன் குறைவுக்கு நேராக வரும் ஏதோ ஓர் இடத்தில் படம் சட்டென்று தெளியும். அங்கே நிறுத்தி, இரண்டின் விளிம்புக்கும் குறுக்கே மசியால் ஒரு கோடு போடுவார்கள். பிறகு ஒட்டி, விளிம்பில் கறுப்பு பூசி, கோட்டை மூடிவிடுவார்கள்.

அந்தக் கோட்டை நாங்கள் ஜோடிக்கோடு என்போம். பழுது பார்க்கிறவனுக்கு அதுதான் உயிர். பிசின் மஞ்சளாகிப் பிளந்துபோன ஜோடியைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டும்போது, கோடும் கோடும் சேர்ந்தால்தான் அந்தப் பழைய ஆள் கண்ட இடம் நமக்குக் கிடைக்கும். அதனால் மச்சான் முதலில் பல்குத்தும் குச்சியால் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார். கோடு தெரிந்ததும் நோட்டில் வரைந்துகொள்வார், விளிம்பில் வைரமுனையால் புதிதாக ஒரு கீறல் போடுவார். அதற்குப் பிறகுதான் மற்ற எதுவும். மசி அரக்கில் குழைத்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். எனக்கு எந்த வளையத்தைக் கழற்றக் கொடுத்தாலும், “ஸ்பிரிட் மட்டும் வேணாம் மாப்ளே” என்பார். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. கேட்டது எதுவும் உள்ளே இறங்காத நிலைக்கு நான் வந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தையல்காரர். கடைசி ஆறு வருஷம் ஞாபகம் தப்பி, பெற்ற மகனையே யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சாகும்போது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவன் நான், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று மச்சானிடம் சொன்னேன். அந்த மறதி எப்படித் தொடங்கியது என்று மச்சான் ஒரே ஒருமுறை எனக்குச் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் சட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது, இரண்டு கைகளும் இடது கைகளாக இருந்தனவாம். அப்பாவிடம் காட்டினால், நான் தைக்கவில்லை என்று சாதித்தாராம். “கை தச்சிருக்கு. ஆளுக்குத் தெரியல. அப்படித்தான் ஆரம்பிக்கும்” என்றார் மச்சான். அவர் வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. தனக்கும் இப்படி வருமோ என்ற அந்த ஒரு பயத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் நான் செய்தேன்.

அந்த நுண்ணோக்கி ஒரு பழைய வைத்தியர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. ஒரு சாண் உயரம். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. பாதத்துக்கு அடியில் சின்னதாக ஒரு நட்சத்திரம் மட்டும் கீறியிருந்தது. மச்சான் அவருக்கு நட்சத்திரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். பொறுப்பாளரம்மாவுக்கு ஒரு யோசனை: இதைப் பெட்டிக்குள் பூட்டாமல், வருகிறவர்கள் கண் வைத்துப் பார்க்கும்படி மேலே வைப்பது. இருநூறு வருஷத்துக்கு முன் ஒருவர் என்ன பார்த்தாரோ அதையே அவர்களும் பார்க்க வேண்டும். மச்சான் பூரித்துப்போனார். அவருடைய வேலை ஒட்டுமொத்தமும் அதுநாள்வரை அலமாரிக்குள் போய் உட்கார்ந்த வேலை. யாரும் கண் வைத்துப் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை.

மூக்கில் மூன்று வளையங்கள். முதல் இரண்டும் சமர்த்தாகக் கழன்றன. இரண்டிலும் சிவப்புக் கோடு கிடைத்தது. கோடு கொஞ்சம் வளைந்திருப்பதைக் காட்டி, நட்சத்திரக்காரர் கொஞ்சம் கைநடுக்கக்காரர், வயசான காலத்தில் செய்திருக்கிறார் என்று மச்சான் சந்தோஷப்பட்டார். மூன்றாவது வளையம் அசையவில்லை. கழற்றுவது பித்தளைக்காரன் வேலை. என்னிடம் வந்தது.

நான்கு நாள் முட்டி மோதினேன். சூடு காட்டினேன், எண்ணெய் விட்டேன், தோல்பட்டை சுற்றித் திருகினேன். அது மசியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மணிக்கொருமுறை “ஆச்சா?” என்ற குரல் வரும். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஆச்சா ஆச்சா என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது என் பிறவிக்குணம். ஐந்தாம் நாள் மத்தியானம், அக்காவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக அவர் வெளியே போனார். நான் ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி வளையத்தை மூக்கோடு உள்ளே போட்டேன். பித்தளையில் இறுகிப்போன பழைய மெருகை இளக்க நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். திருகுமரையை மட்டும் நனைத்துவிட்டு எடுத்துவிடலாம், பத்து நிமிஷம்கூட ஆகாது, கண்ணாடிக்குப் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு காட்சிப்பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்து எடுத்தால், வளையம் இரண்டு விரலுக்குச் சுழன்று கழன்றது. ஜோடி பிரிந்து, இரண்டு கண்ணாடிகளும் என் உள்ளங்கையில் தனித்தனியாக விழுந்தன. விளிம்பில் கறுப்பும் இல்லை, கோடும் இல்லை. இரண்டும் நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்தன.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிண்ணத்தில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். கண்ணாடி இரண்டையும் துடைத்து, அவர் மேஜையில் மெல்லிய தாளின்மேல் வைத்தேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவர் நாலு மணிக்கு வந்தார், உட்கார்ந்தார், முதல் வளையத்துக் கண்ணாடிகளைக் கொஞ்ச நேரம் துடைத்தார், கிளம்பலாமா என்றார். மூன்றாவதை அவர் கவனிக்கவே இல்லை. பஸ்ஸில் அக்காவின் கடைவாய்ப் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் பல்லைப் பற்றியே பேசினேன்.

காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து, தொப்பிகூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வளையம் எப்போது கழன்றது என்று கேட்டார். நேற்று மத்தியானம் என்றேன்.

“நேத்து சாயங்காலம் நான் உக்காந்து தொடச்சேன். முதல் வளையத்தைத் தொடச்சேன்னு நெனச்சேன். இதைத் தொடச்சிருக்கேன் மாப்ளே. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிருக்கேன். கொஞ்சம்கூட ஞாபகம் இல்ல.”

நான் வாயைத் திறந்தேன்.

“ஆரம்பிச்சிடுச்சு” என்றார்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இல்லை மச்சான், நான்தான். அவ்வளவுதான். அவர் என்னைக் கொன்றிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், பிறகு ஒருநாள் “ஆச்சா?” என்று கேட்டிருப்பார். ஆனால் பழி தானாகவே நடந்துபோய் வேறொருவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும்போது அதைக் கூப்பிட்டுத் தன் தலையில் வைத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். என்னிடம் அது இல்லை. நான் சொன்னது இதுதான்:

“விடுங்க மச்சான். யாருக்கும் வர்றதுதான்.”

இன்றுவரை என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் இதைவிடக் கேடுகெட்டது வேறு இல்லை.

பதினோரு மாதம் அவர் அந்தக் கோட்டைத் தேடினார். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் ஒரு துளி எண்ணெய் விட்டு, ஒன்றை அசையாமல் வைத்து, மற்றதை ஒவ்வொரு பாகையாகத் திருப்பி, மூக்கில் மாட்டி, ஒரு வண்ணத்துப்பூச்சியின் இறகுச் செதிலைப் பார்ப்பார். நல்ல லென்ஸில் அந்தச் செதிலின் வரிகள் சீப்பின் பற்கள்போல் பிரிந்து தெரியும். பார்த்ததை எழுதுவார், கழற்றுவார், துடைப்பார், அடுத்த பாகை. ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு சுற்று முடித்துவிட்டு, அரைப் பாகையாக மறுபடி தொடங்கினார்.

நூற்றுப் பதினெட்டாம் பாகையில் படம் அருமையாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பித்தளைக்காரன்தான், ஆனாலும் முப்பது வருஷம் எட்டிப் பார்த்த கண். வரிகள் பளிச்சென்று நின்றன. இதுதான் மச்சான், முடிஞ்சது என்றேன். அவருக்கும் காலையில் அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்று இதைவிடத் தேவலையோ என்றார். மறுநாள் இருநூற்று அறுபத்துமூன்று. படத்தில் ஒன்றும் கோளாறு இல்லை. தன் கையையே நம்பாதவர் தன் கண்ணை எப்படி நம்புவார்? முன்பெல்லாம் ஒரு பார்வையில் தீர்ப்புச் சொல்கிற மனுஷன், நோட்டில் எழுதியதைத் தன் கையெழுத்துத்தானா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவின் இந்தப் பக்கம் அரத்தை வைத்து எதையாவது ராவிக்கொண்டே இருந்தேன். சத்தம் இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கடைசியில் பொறுப்பாளரம்மா தேதி குறித்துவிட்டார். மச்சான் நூற்றுப் பதினெட்டிலேயே ஒட்டி மேலே அனுப்பினார். திறப்பு நாளில் ஜனங்கள் வரிசையில் நின்று கண் வைத்துப் பார்த்தார்கள். வியந்தார்கள். ஒரு பெண்மணி இவரிடமே வந்து, இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். இவர் அவரிடம், “இது அவர் பார்த்தது இல்லைங்க. மன்னிச்சிடுங்க” என்றார். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுவாரம் வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. என் கை செய்வதை என் மனம் அறியவில்லை, மதிப்புள்ள பொருள்களை இனி என் பொறுப்பில் விடுவது சரியில்லை என்று எழுதியிருந்தார். பொறுப்பாளரம்மா என்னை மேலே கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் சொந்தக்காரர், கூடவே இருக்கிறவர், அவருக்கு உண்மையிலேயே மறதி இருக்கிறதா என்று கேட்டார். கடவுள் எனக்கு இரண்டாம் தடவையும் கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்லத் தெரியவில்லை என்றேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போன பிறகு அவர் தேய ஆரம்பித்தார். அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்தினார், அணைக்க மறந்துவிட்டால்? சாவியை அக்காவிடம் கொடுத்தார். தனியாகத் தெருமுனைவரை போவதையும் விட்டார். காலையில் எழுந்ததும் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பார். ஒரு பெயர் முன்னே பின்னே வந்துவிட்டால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது. அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். எல்லாச் சோதனையும் பண்ணிப் பார்த்து, வயதுக்கு மீறின ஞாபகசக்தி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் நம்பவில்லை. மூன்று பொருள்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதை யார்தான் மறப்பார்கள், எனக்கு ஒரு கோடு ஞாபகம் இருந்ததா என்று கேட்டாராம்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. பேசுவது குறைந்தது. நடை தளர்ந்தது. உபயோகிக்காத ஞாபகம் உண்மையிலேயே மங்கத் தொடங்கியதோ என்னவோ, ஒருநாள் என்னைப் பார்த்து, “நீ எப்ப வந்தே?” என்று கேட்டார். நான் வந்து அரைமணி ஆகியிருந்தது. அன்று வாசல்வரை வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு, நான் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. நீ சொன்னா கேப்பாருடா. உன்னைத்தான் நம்புவாரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். நான் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் திருகியது, ஆச்சா ஆச்சா என்று அவர் கேட்டதில் வந்த கோபம், ஸ்பிரிட், பூட்டு, ஒன்றரை மணி நேரம், உள்ளங்கையில் விழுந்த கண்ணாடி, பஸ், பல். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் அது.

அவர் இடைமறிக்காமல் கேட்டார். முகத்தில் பழைய கூர்மை ஒரு நிமிஷம் வந்துபோனது. பிறகு கேட்டார்:

“கிண்ணத்துல ஸ்பிரிட் என்ன நெறமா இருந்துச்சு?”

நான் யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பதற்றத்தில் குனிந்துகூடப் பார்க்காமல் கொட்டியிருந்தேன். சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். மற்ற இரண்டு கோடும் சிவப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று சாமி முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

“பாக்கல மச்சான். பாக்காமக் கொட்டிட்டேன்.”

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

“எங்கப்பா போறதுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு அன்னிக்குச் சொன்னியே. அவருக்குப் பேச்சே வரலன்னு நர்சம்மா அப்பவே சொல்லிட்டாங்க. உன் மனசு கஷ்டப்படுமேன்னு நான் கேக்கல. இதுவும் அப்படித்தானே மாப்ளே? உங்க அக்கா சொல்லச் சொன்னாளா?”

இல்லை என்றேன். சத்தியம் பண்ணினேன். என் பிள்ளைகள் தலைமேல் சத்தியம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார், சின்னப் பிள்ளை சொல்லும் கதைக்கு ஆட்டுவதுபோல. நான் உரக்கப் பேசப் பேச, அவருக்கு என்மேல் இரக்கம்தான் கூடியது. எனக்காக இவ்வளவு யோசித்துக் கதை கட்டியிருக்கிறாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று கேட்டார். நன்றி என்றும் சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை, மறுக்கவும் வழியில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் இரண்டு தம்ளர். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், நான் சொன்னது முழுவதையும் அவள் நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. நம்ப வேண்டியவர் நம்பவில்லை. இவள் நம்பி என்ன ஆகப்போகிறது? அவர் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். எனக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனாள்.

நான் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் குரல் மெதுவாக, அந்நியரிடம் பேசுவதுபோல இருந்தது.

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ.”

சாத்தப் போகும்போது உள்ளேயிருந்து மச்சான் கூப்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் வரச் சொன்னார். நீ ஒருத்தன்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறாய் என்றார்.